நாற்பது மில்லிமீற்றர்

ஊரெழுவில் ஒரு மலக்குழி.
ஒன்றரை அடி செம்மண், பிறகு கல்.
வாளியைக் கழற்றிப் பிறேக்கர் பூட்டு, உடை.
பிறேக்கரைக் கழற்றி வாளி பூட்டு, அள்ளு.
அதற்குக் கீழே இன்னொரு கல்.

அன்று ஆறு முறை.
ஒவ்வொரு முறையும் இரண்டு பின்,
ஒரு சுத்தியல், ஒரு கெட்டவார்த்தை.
ஒன்பது பொருத்தம் சரியாகி
பத்தாவது, ஒரு நூல் விலகி நிற்கும்.

சுகிர்தமலர் கொப்பியில் எழுதினாள்:
கழற்றல் பூட்டல், மூன்று மணி பத்து நிமிடம்.
"இதுக்கு ஆரும் காசு தரமாட்டினம்" என்றாள்.
லொறி அவளுடையது.
குட்டிப் பெக்கோவின் லீசிங்
இரண்டு பேருடையதும்.

ஸ்ரான்லி வீதிக் கடையில்
மூன்று கப்ளர்களை
சாக்கின்மேல் வைத்துக் காட்டினார்கள்.

முதலாவது ஹைட்ரோலிக்.
கபினில் இருந்தபடி ஒரு சுவிச்.
"ராசா மாதிரி இருக்கலாம், தம்பி."
விலையைக் கேட்டதும்
ராசா இறங்கி நடந்தார்.

இரண்டாவது கொழும்பிலிருந்து வந்த பழசு.
புது மஞ்சள் பெயின்ற்.
நகத்தால் சுரண்டினேன்,
கீழே வெல்டிங் தழும்பு.
கடைக்காரர் தெருவைப் பார்த்தார்.

மூன்றாவது வெறும் ஸ்பிரிங்.
ஒவ்வொரு முறையும் இறங்கவேண்டும்,
கம்பியால் நெம்பவேண்டும்,
பிறகு குறுக்கே ஒரு பூட்டுப்பின்,
அதன் வாலில் சிவப்பு நாடா.

எதை எடுத்தாலும் பாரம்.
மூன்றரைத் தொன் மெசினுக்கு
அறுபது கிலோ, அதுவும் கை நுனியில்.
நிறைகுடத்தை இடுப்பில் வைத்து ஒரு மைல் போகலாம்;
கையை நீட்டிப் பிடித்துப் பார்.
"அதுக்கேற்ற மாதிரிக் குறைச்சு அள்ளு" என்றாள்,
கணக்கு முடிந்தமாதிரி.

பிறகு ஏன் ஹைட்ரோலிக்கை மறுபடி பார்க்கிறாய்
என்று அவள் கேட்கவில்லை.
நான் பார்த்ததும் ஆசையில் இல்லை.

போன மாரி, கொடிகாமம்.
வேறொருவரின் மெசின், நாட்கூலிக்கு நான்.
சுவிச்சைப் போட்டேன், பச்சை வந்தது.
கையைத் திருப்பிக் கானுக்கு மேலே கொண்டுபோனேன்.
வாளி விழுந்தது.
சத்தம்கூடப் பெரிதாக இல்லை,
ஈர மண்.
குழாய் பதித்துக்கொண்டிருந்த விமலகாந்தன்
வெற்றிலை வாங்க ஏறிப் போயிருந்தான்.
வந்து வாளியைப் பார்த்தான்,
தான் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
வெற்றிலையை மடிக்கவேயில்லை.
பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

"மூண்டாவது" என்றேன்.
"இறங்கி ஏறுற நேரம்?"
"இறங்கி ஏறுறன்."

கடைக்காரர் வேர்னியர் தந்தார்.
"பின் நாற்பது மில்லிமீற்றர் தானே?"
ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் அளந்தேன்.
முப்பத்தெட்டரை.
வாளிக் காதின் துளை
வட்டமாய் இருந்த காலம் போய்
முட்டையாய் இருந்தது.
நாற்பது என்பது
ஜப்பானில் எங்கள் மெசின் கடைசியாய்ச் சொன்ன உண்மை.
எந்தக் கப்ளரும் இதைக் கவ்வாது,
கவ்வினாலும் ஆடும்.

சுன்னாகத்துக் கடைசல் பட்டறையில் நாலு நாள்:
துளையை அகட்டி, புஷ் இறக்கி,
புதுப் பின், புதுக் கிறீஸ் நிப்பிள்.
சுகிர்தமலர் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்கச் செலவு.
கப்ளரின் விலை அதற்குக் கீழே,
சின்ன எழுத்தில்.

ஐந்தாம் நாள் அதே குழி.
மழைத்தண்ணீர் முழங்கால்வரை, ஒரு தவளை.
பிறேக்கர் கழன்றது, வாளி கவ்விக்கொண்டது,
இறங்கிப் பூட்டுப்பின்னைத் தள்ளினேன்.
வாளியை நிலத்தில் ஊன்றி அழுத்தி
இரண்டு தரம் உலுப்பினேன்.
நாடா என் கண்ணுக்கு நேரே, சிவப்பாய்.
"ஆறு நிமிடம்" என்றாள்.

விமலகாந்தன் இப்போது எங்களோடு.
குழிக்குள் கால் வைக்குமுன்
தானும் ஒருமுறை குனிந்து
பின்னைத் தொட்டுப் பார்த்தான்.

அந்த நேரத்தை
அவள் கொப்பியில் சேர்க்கவில்லை.
தவளையை வெளியே எடுத்துவிடச் சொன்னாள்.