அடியில் நாலு விரல்

ஷிப்ட் மாறும்போது மூடியைத் திறந்து
டேங்குக்குள் ராடை இறக்குவேன்.
அது அடியைத் தொடும் சத்தம்
கைக்குத்தான் கேட்கும், காதுக்கு இல்லை.
ஈரம் எதுவரை என்று பார்த்து
நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்:
ரா. தெய்வானை.

அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காட்டு அடிவாரம் போகிற ரோடு.
மலை ஏறுகிற வண்டிகள்
எங்களைக் கண்டதும்தான் முள்ளைப் பார்க்கும்.

ஆபீஸ் ரூம் டிவியில் நாலு பேர்.
கடலோரம் பாறையைக் குடைந்து
அரசாங்கம் ஊற்றி வைத்த எண்ணெயைத்
திறக்கலாமா, கூடாதா என்று சண்டை.
எங்கள் சுண்ணாம்புக் கரட்டில்
வெள்ளைக்கல் தோண்டிய குழியில்
மழைத்தண்ணீரும் எருமையும்தான் கிடக்கும்.
பாறைக்குள் எண்ணெய்
எனக்கு நினைத்துப் பார்க்க வரவில்லை.

"பைக்குல எப்ப சார் ரிசர்வ் திருப்புவோம்?
வண்டி நிக்கப் போறப்ப.
வெல ஏறுறப்பவா?"
என்றார் பழைய போஸ்ட்மாஸ்டர் வரதராஜுலு,
நூறு ரூபாய்க்குப் போடச் சொல்லிவிட்டு.

"நிக்குதுய்யா வண்டி" என்றார் அங்கமுத்து.
"சங்ககிரியில வந்து பாரு,
பதினோரு லாரி, டயருக்கடியில புல்லு.
இன்னும் எந்தச் சண்டைக்குய்யா
சேத்து வெக்கிறீங்க?"

இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.
ஜீரோ பாத்துக்குங்க என்றேன்.

போன ஐப்பசியில் டேங்கர் ஸ்ட்ரைக்.
நாலாம் நாள் மேனேஜர் சொன்னார்:
"டீசல்ல அடியில நாலு விரல்.
அது ஆம்புலன்சுக்கு.
கலெக்டரே வந்தாலும் இல்லேன்னு சொல்லு."

ராத்திரி ரெண்டு மணிக்கு
நாகலூர் சேர்வராயன் வந்தான்.
இருபது வளைவும் இன்ஜினை அணைத்து
ஜீப்பை உருட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறான்.
பிரேக் தீய்ந்த வாசனை அவனுக்கு முன்னால் வந்தது.
பின்னால் பத்தொன்பது மூட்டை பீன்ஸ்.
விடிந்தால் மார்க்கெட், வெயில் ஏறினால் குப்பை.
அவன் கெஞ்சவில்லை.
பம்ப்பில் தொங்கிய 'ஸ்டாக் இல்லை' அட்டையை
எழுத்துக் கூட்டி வாசித்தான்,
இன்னொரு தடவையும் வாசித்தான்.

அஞ்சு லிட்டர் ஊற்றினேன்.

அதற்கப்புறம் உட்கார முடியவில்லை.
ஒவ்வொரு ஹாரனுக்கும் எழுந்து நின்றேன்.
கண்ணங்குறிச்சிப் பக்கம் சிவப்பு வெளிச்சம் சுழன்றது.
கிட்டே வந்தபோது
முருகன் படத்துக்குச் சீரியல் போட்ட செங்கல் லாரி.
டீசல் இல்லையென்றதும்
டிரைவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

ஆம்புலன்ஸ் வரவில்லை.
வராததால் நான் செய்தது சரியாகிவிட்டதா?
வந்திருந்தால் தப்பா?
சீட்டுக்கடியில் இருந்து அவன் அள்ளிக் கொடுத்த பீன்ஸைப்
பொரியல் செய்தேன்.
உப்பு போட மறந்துவிட்டேன்.

டிவியில் இன்னும் பேசுகிறார்கள்.
என்னைக் கூப்பிட மாட்டார்கள்.
கூப்பிட்டால்
திற என்றும் சொல்ல மாட்டேன், மூடு என்றும்.
கடைசியாக ராடு இறக்கியது யார்,
ஈரத்தைத் தொட்டுப் பார்த்த கை எது,
எடுத்ததைத் திரும்ப ஊற்றும் நாளில்
என்ன விலை என்று கேட்பேன்.
அங்கமுத்துவின் பதினோரு லாரியையும்
அதே மூச்சில் சொல்வேன்.
அப்போது அவர்கள் விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

நோட்டில் அந்த ராத்திரிக்கு நேராக
நாலு விரல் என்றுதான் இருக்கிறது.
மூணரை என்று எழுதியிருக்க வேண்டும்.

ஒரு ஸ்கூட்டி வந்து நிற்கிறது.
ஜீரோ பாத்துக்குங்கம்மா.