சுவரின் வாய்

ஓவுலு நகரம், ஹாக்கி இரவு.
தவுனோ தரையில் குப்புறக் கிடந்தான்,
பல்லிடுக்கில் டார்ச்.
புது ஸ்பீக்கரில் அடி முந்தியது,
திரையில் மட்டை பிந்தியது.
மெனுவுக்குள் மெனு.
நாற்பது மில்லிசெகண்ட், எண்பது,
நூற்றிருபதில்
வர்ணனையாளரின் உதடும் சொல்லும்
ஒருவழியாக ஒட்டிக்கொண்டன.

எழுந்து முட்டியைத் தட்டிவிடும்போது
பக்கத்து வீட்டு வெய்யோ அலறினான்:
கோல்!
எங்கள் திரையில் வட்டு
இன்னும் நடுக்களத்தில்.

சுவருக்குக் காது உண்டென்பார்கள்.
இதற்கு வாய்,
எங்களைவிட அரை நிமிடம் மூத்த வாய்.
அவனுக்குக் கேபிள், எங்களுக்கு இணையம்.

தவுனோ மறுபடி மெனுவுக்குள் போனான்.
நான் ஒரு யூரோவை மேசையில் வைத்து
"இப்போது கோல் விழும், பந்தயமா?" என்றேன்.

நாலாவது யூரோ போன பிறகுதான்
ஸ்பீக்கரை அணைத்துவிட்டு
சுவரைப் பார்த்தான்.