தோற்றம், மறைவு

தீனா என்று பெயர் சொன்னார் தரகர்.
ஆம்பளைப் பையன் என்றே நினைத்து
மாடி அறைக்கு வாடகை பேசினேன்.
ஆட்டோவிலிருந்து இறங்கியது
குட்டையாய் வெட்டிய நரைத்த தலை,
முதுகில் வயலினைவிட ஒரு சுற்றுப் பெரிய பெட்டி.
"வியோலா" என்றாள்.
சிம்மக்கல்லில் எல்லோருக்கும் அது பிடில்தான்.

கீழே என் பிளக்ஸ் கடை.
மெஷின் தலை இடம் வலமாய் ஓடுகையில்
ஒரு ரீங்காரம் வரும். பதினேழு வருஷத்தில்
நான் அதைக் கேட்டதே இல்லை.
அவள் படியில் நின்று கேட்டாள்,
போய்க் கம்பியை முறுக்கினாள்.
அப்புறம் காதுகுத்து பேனர் ஓடும்போதெல்லாம்
மாடியிலிருந்து ஒரு துணை.

படம் வரையத் துணி வாங்க மாட்டாள்.
எழுத்துப் பிசகிய பிளக்ஸ், பாக்கி வராத பிளக்ஸ்,
கூட்டணி மாறிப்போனதில் வீணான நாற்பதடி
எல்லாம் மேலே போகும்.
திருப்பிப் போட்டு வெள்ளையில் வரைவாள்.
மாந்துவா என்று ஒரு ஊராம், மூன்று பக்கமும் தண்ணீராம்.
வைகைப் பாலத்தில் நின்று இதைச் சொன்னாள்.
கீழே ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
அந்த ஏரிப் படத்தை வெயிலில் பிடித்தால்
தண்ணீருக்குள்ளிருந்து
வட்டச் செயலாளர் ஒருவர் கும்பிடுவார்.

வெள்ளி சாயங்காலம் இரண்டு மெழுகுவர்த்தி.
முதல் வாரம், கரண்ட் போச்சோ என்று
பியூஸ் பார்க்க ஏறினேன்.
கீழே தமயந்தி விளக்கேற்றும் நேரமும் அதுதான்.
"அவுங்களுக்கும் வெள்ளிக்கிழமையா" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
தீப்பெட்டி மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றானது.

கதையை ஒரே நாளில் சொன்னவள் இல்லை.
யூதர் என்று தேடி வந்தபோது
அப்பாவைக் கன்னியாஸ்திரிகள் துணி வெளுக்கும் அறையில்
ஒளித்து வைத்தார்களாம், ஏழு வயதில், ஒரு குளிர்காலம் முழுக்க.
இருமக் கூடாது.
வளர்ந்த பிறகும் அவர் வீட்டில் சத்தம் ஆகாது,
அதனால் அடுத்த தெருவில் போய் வாசிக்கக் கற்றாள்.
ட்ரம்பெட் வாசிப்பவனைக் கட்டினாள், விட்டாள்.
நாடகத்துக்குத் திரை எழுதினாள்.
சமணர் படுக்கை பார்க்க மூன்று நாள் என்று வந்தாள்.
பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள்
பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல
அந்த எழுத்துகளை விரலால் வருடிக்கொண்டே
பஸ்ஸைத் தவறவிட்டாளாம்.
அது ஆறு வருஷம் ஆகிறது, விசாவுக்குப் போய் வரும் மாசங்கள் போக.

போன ஐப்பசியில், மழை விடாத ஒரு மத்தியானம்,
ஈரப் படியில் இறங்கி வந்து கேட்டாள்:
"எனக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலி."

புறா, ரோஜா, மேகம் எல்லாம் தயாராய் இருக்கும் என்னிடம்.
யாருக்கு?
அத்தைக்கு. லிதியா. வயது ஒன்பது.
போட்டோ?
இல்லை.
தோற்றம்?
சொன்னாள், மூன்று, இரண்டு, முப்பத்தைந்து.
மறைவு?

"ரயிலேற்றிய நாள்தான் தெரியும்."

இந்த ஊருக்கு எத்தனை மறைவு அடித்திருப்பேன்.
விரல் ஒருநாளும் நின்றதில்லை.
என் டிசைனில் ரயிலுக்குக் கட்டம் கிடையாது.
இடத்தை அப்படியே வெறுமையாய் விட்டேன்.
படம் வரவேண்டிய வட்டமும் வெள்ளை.
அடியில் பொடி எழுத்தில் எப்போதும் வரும் என் கடைப் பெயரைத்
தொட்டுக் காட்டி, மேலே ஏற்றச் சொன்னாள்:
துயருடன்,
தீனா நோர்சா,
அங்கயற்கண்ணி பிளக்ஸ், சிம்மக்கல்.

இருபது போஸ்டர். ஒச்சப்பன் ராத்திரியே ஒட்டிவிட்டான்.
காலையில் பூக்காரி கேட்டாள்,
"எந்த ஏரியாப் புள்ள?"
சொல்லத் தெரியாமல் மாடியைக் காட்டினேன்.
ஒரு முழம் கிள்ளி அந்த வெள்ளை வட்டத்தில் சொருகப் பார்த்தாள்.
நிற்கவில்லை. எச்சில் தொட்டு ஒட்டினாள்.

மூன்றாம் நாள் பசைக்கு ஆசைப்பட்ட மாடு ஒன்று
கீழிருந்து தின்ன ஆரம்பித்தது,
முதலில் என் கடையை.
விரட்டப் போனவனைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சிரித்தாள்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் மாடியில் வில் எடுக்கும் சத்தம்.
மெஷினை நிறுத்தினேன்.
காதுகுத்து ஆர்டர் ஒன்று தள்ளிப்போனது.
வந்து கேட்ட தாய்மாமனிடம்
கரண்ட் இல்லை என்றேன்.
தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.