செம்புக் கம்பிச் சோதனை

சூளகிரி என்று எழுதும்போதே
பாதியில் ஒரு சூளை வந்துவிடுகிறது.
மீதி மலை
எங்கள் ஆலையின் பின்சுவருக்கு மேலே நிற்கிறது.

ஜூலை. மாங்கூழ் சீசன் முடிந்திருந்தது.
கூழ் நிரப்பிக் கழித்த பைகள்,
ரோஜாக் கொட்டகைகளின் கிழிந்த கூரை,
தக்காளி வயலில் இரண்டு போகம் படுத்திருந்த
கறுப்பு விரிப்பு, எலி கடித்த சொட்டுநீர்க் குழாய்,
பால் கவர், பால் கவர், பால் கவர்.
அரைத்து, அரிசி அளவு மணியாக்கி
ஊதுலையின் மூக்கு வழியே ஊதப் போகிறோம்.
கல்கரி கொஞ்சம் மிச்சமாகும் என்று கணக்கு.

என் வேலை சின்னது.
செம்புக் கம்பியைச் சிவக்கச் சுட்டு
சந்தேகத் துண்டின்மேல் ஒற்றி
மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும்.
சுடர் மஞ்சளானால் உள்ளே.
பச்சையானால் வெளியே.
பச்சை என்றால் குளோரின்:
குழாயைத் தின்னும், பிறகு நம்மையும்.

பெல்ட்டில் பிரிப்பவள் கெம்பம்மா, தளிக்காரி.
கன்னடத்தில் எண்ணி, தமிழில் திட்டுவாள்.
கையுறையில் கட்டைவிரலை மட்டும் வெட்டிவிட்டிருந்தாள்.
"தொட்டாத்தான் மேடம் தெரியும்."
நூறில் இரண்டு தவறும் அவளுக்கு.
என் கம்பிக்கு நூறு பார்க்க ஒரு நாள் வேண்டும்.

சோதனை ஓட்டத்துக்கு முந்தின மதியம்
பெல்ட் நின்றது.
எட்டுக்கு நாலு ஃப்ளெக்ஸ். கண்ணீர் அஞ்சலி.
கூப்பிய கை, கூலிங் கிளாஸ், மூலைக்கொரு புறா.
"இவன்தான்" என்றாள். "நாப்பத்தெட்டாயிரம்."
ஏலச்சீட்டு சொன்னப்பா.
பேருக்கேற்ப, சொன்னதோடு சரி.
"உலையில போடு மேடம். முழுசாப் போடு."

'கண்ணீருடன் நண்பர்கள்' என்ற ஓரத்தில்
ஒரு துண்டு நறுக்கி ஒற்றினேன்.
நாற்றங்கால் நிறத்தில் எழுந்தது சுடர்.
"ஆகாது கெம்பம்மா."

அவள் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மூணு வருசம் முன்னாடி
இந்தக் கம்பி எங்கிட்ட இருந்திருந்தா
இவனைத் தொட்டுப் பாத்திருப்பேனே."
சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.
பிறகு அவனைப் பாயாகச் சுருட்டிக்கொண்டாள்,
ஆட்டுக் கொட்டகை ஒழுகுகிறதாம்.

மறுநாள் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
வேடியப்பன் வால்வைத் திறந்தான்.
கண்ணாடித் துளையில் பார்த்தேன்:
மணிகள் விழவில்லை, உருகவில்லை,
வந்த இடத்திலேயே இல்லாமல் போயின.

பத்தாம் வகுப்பில் 'ஒடுக்கம்' என்று படித்தது.
தாதுவிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கும் வினை.
வேறெங்கே கேட்டாலும் நெஞ்சை இறுக்கும் சொல்.
இங்கே மட்டும்
ஒடுக்கப்பட்டது வெளிச்சமாய் வாய்க்காலில் ஓடிவந்தது,
நாங்கள் நான்கு பேர் பின்னால் நகர்ந்தோம்.

பால் கவரின் ஹைட்ரஜன்
துருவின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு
தண்ணீராகி, ஆவியாகி, மேலே போனது.
எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர்
எட்டு நாளைக்கு ஒருமுறை.
புகைபோக்கிக்கு நேராக யார் குடம் வைப்பது?
அதே வழியில் கரிப்புகையும் போனது.
அதை நான் பதிவேட்டில் மறைக்கவில்லை.

விடியுமுன் எழுதினேன்:
இரும்பில் கரி, சரி.
கந்தகம், கொஞ்சம் குறைவு.
வாயுவைக் கழுவிய தண்ணீரில் குளோரின்:
தடயம்.
அடிக்கோடிட்டேன்.
கட்டைவிரலா, கம்பியா, எது விட்டது?

அடுத்த வாரம் தளிப் பக்கம் போக நேர்ந்தது.
கெம்பம்மா மோர் கொண்டுவந்தாள்.
கொட்டகைக் கூரையில் சொன்னப்பா மல்லாந்திருந்தான்,
புறாக்கள் அப்படியே, கூப்பிய கை அப்படியே.
கண் இருந்த இடத்தில்
கூலிங் கிளாஸ் அளவுக்கு
கத்தரி போட்ட ஓட்டை.

அதன் வழியே வெயில் இறங்கி
ஒரு வெள்ளாட்டின் முதுகில் கிடந்தது.
"ஒழுகுமே" என்றேன்.
"ஒழுகட்டும் மேடம்" என்றாள்,
டம்ளரை வாங்கிக்கொண்டு.