ஒரு வாய்

கடைமடைக் குட்டையில்
இறால் செத்து மிதந்த மறுநாள்
கலியபெருமாள் கேட்டார்:
"நண்டு நுழையாம வலை கட்டினேன்,
காக்காய்க்குக் கம்பி இழுத்தேன்,
எந்தப் பூட்ட ஒடச்சு வந்துச்சு?"

நாகப்பட்டினம் ஆய்வகத்தில் மெஹருன்னிசா
ஓட்டின் வெள்ளைப் புள்ளிகளிலிருந்து
கண்ணெடுக்காமல் சொன்னாள்:

ஒடைக்கல அண்ணே.
செல்லுக்கும் பசிக்கும்.
தன் தோலையே குழித்து
வெளியே கிடப்பதை ஒரு வாய் அள்ளும்.
அந்த வாயோடு போயிருக்கு.

உள்ளே புளிப்பு ஊறும்,
வந்ததைக் கரைக்க.
அந்தப் புளிப்புக்குத்தான் காத்திருந்து
சட்டையைக் கழற்றும்.

அவர் பதில் பேசவில்லை.
உப்பனாறு ஏறிய அன்று
ஷட்டரைத் தூக்கிய உள்ளங்கையை
வேட்டியில் துடைத்தார்.
துரு
அப்படியே இருந்தது.