இரண்டரை நட்சத்திரம்

சங்ககிரி ரோட்டில் மூன்றாம் நம்பர் கடை.
ரிக் வண்டிக்கு ஹேமர், பட்டன் பிட், ராடு, கிரீஸ்.
பில் போடுகிறவள் நான், துளசிமணி.
பில்லுக்கும் பில்லுக்கும் நடுவில்
எனக்கொரு மியூசியம் இருக்கிறது,
போனுக்குள்.

முதல் நாள் ஒரே ஒரு எலும்பு.
டைனோசரின் இடது கால், முட்டிக்குக் கீழே மட்டும்.
பார்க்க எழுபது பேர் வந்தார்கள்.
அறுபத்தெட்டுப் பேர் தலைக்கு மேல்
ஒரே குமிழி:
கக்கூஸ் எங்கே?

கட்டினேன்.
அந்த வழியாகத்தான் திருடன் வந்தான்.

வாட்ச்மேன் போட்டேன்,
எலும்பில் சாய்ந்து தூங்கினான்.
தேய்ந்த எலும்பைச் சரிசெய்ய
டாக்டர் பட்டம் வாங்கிய ஒருத்தியைப் போட்டேன்.
மாசம் பொறந்தால் சம்பளம் கூடக் கேட்கிறாள்,
இல்லையென்றால் அழுதுகொண்டே
கூல்டிரிங்க்ஸ் மெஷினை உதைக்கிறாள்.
சுகந்தி என்று பேர் வைத்தேன்.
எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவள்,
ஃபேன் கேட்டு நின்றுபோனவள்.

தோண்டப் போகிற கூட்டத்துக்கு
எங்கள் வண்டி ஆட்கள் பேர்:
டிரில்லர் குப்பண்ணன், ஹெல்பர் மாதையன்.
ஹெலிகாப்டரில் போவார்கள்.
ஒருத்தனைப் பாம்பு கடிக்கும்,
ஒருத்தனுக்குச் சாபம் பிடிக்கும்,
ஆனால் ஒரு தடவைகூட
வெறுங்கையோடு திரும்பியதில்லை.
அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.
ஆயிரத்து இருநூறு அடி போட்டுப்
புகை மட்டும் பார்த்தவர்கள் ஊர் இது.

"என்ன அம்மிணி, சோலி நேரத்துல?"
ஓனர் அர்த்தனாரி, முதுகுக்குப் பின்னால்.
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி எட்டிப் பார்த்தார்.
"இந்த எலும்பு எத்தனைக்கு வாங்குனது?"
தோண்டுனதுங்க.
"எத்தன அடியில?"
அடி காட்டாதுங்க.
"அடி காட்டாம எவன் காசு குடுப்பான்?"

ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
"உண்டியல ஏன் வாசல்ல வெச்சே?
வந்ததும் கேட்டா ஒறம்பரை கூட ஓடிரும்.
அந்தக் குட்டி எலும்புகிட்ட வெய்யி,
ஐயோ பாவம்னு நிப்பாங்கல்ல, அங்க."
வைத்தேன். கொட்டியது.
"கடைய கக்கூஸ் வழியில வெய்யி.
போறப்ப பாக்கமாட்டான்.
வர்றப்ப நிம்மதியா வருவான், வாங்குவான்."
ஒன்றரை நட்சத்திரம் இரண்டரை ஆனது.
மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர் போகவில்லை.
ஆளைத் தின்னும் செடி
பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தரை விழுங்கியபோது
"டிக்கெட் காசத் திருப்பிக் குடுத்தராதே" என்றார்.

மூன்றே காலுக்கு
மத்தியப் பிரதேசத்திலிருந்து
நிஜக் குப்பண்ணன் போன்.
ஹேமர் உள்ள விழுந்துருச்சுங்க.
தொள்ளாயிரத்து நாற்பது அடி.
பிட்டோட. நாலு ராடும்.
ரெண்டு நாளா கொக்கி விட்டுப் பாத்தாச்சு.

ஓனர் பேசவில்லை.
என் திரையில் இன்னொரு குப்பண்ணன்
ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி
எதையோ தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக் குதித்தான்.
சத்தத்தைக் குறைத்தேன்.

"ஆளுக நல்லாருக்கீங்களா?"
நல்லாருக்கோம்ங்க.
"அப்ப விட்ரு. குழிய மூடாம மட்டும்
வண்டிய எடுத்தராதே. கொழந்தைக இருக்கற ஊரு."

புது ஹேமருக்கு பில் போட்டேன்.
பழசுக்கு என்ன எழுதட்டுமுங்க?
"உள்ள இருக்குதுன்னு எழுது."

உள்ளேதான் இருக்கும்.
ரொம்ப நாள்.
அப்புறம் எவளோ ஒருத்தி அனுப்பிய கூட்டம்
ஹெலிகாப்டரில் வந்து இறங்கும்.
ஒருத்தனைப் பாம்பு கடிக்கும்.
கண்ணாடிப் பெட்டிக்குள், வெள்ளை வெளிச்சத்தில்,
எங்கள் ஹேமர்,
சீரியல் நம்பர் பாதி தேய்ந்து.
கீழே பலகை:
பயன் தெரியவில்லை.
வழிபாட்டுப் பொருளாக இருக்கலாம்.

எழுபது பேர் சுற்றி நிற்பார்கள்.
கக்கூஸை முதலிலேயே கட்டச் சொல்லி
யாராவது அவளிடம் சொல்லிவிடுங்கள்.
ஜன்னலைச் சின்னதாக வைக்கச் சொல்லியும்.