இடமே திரும்பிய மனிதர்

விற்க வந்தவர் பெயர் ஜோலோன்.
ஓட்டிப் பார்ப்போம் வாங்க என்றார்.
பிஷ்கெக் கார்ச் சந்தையின் பின்வாசலில்
இடப்பக்கம் திரும்பினார்.
பெட்ரோல் பங்க் தாண்டி மறுபடி இடம்,
செங்கல் சூளைச் சுவரோரம் மறுபடி இடம்.
வாய் ஓயவில்லை:
ஜப்பானில் ஒரு டீச்சரின் வண்டியாம்,
மழை நாளில் வெளியே எடுக்கமாட்டாராம்.

பின்சீட்டில் என் அண்ணி உல்கான்.
மடியில் பை,
பையில் நாங்கள் ரொட்டி விற்றுச் சேர்த்த நோட்டுகள்,
எண்ணியெண்ணி மாவு படிந்தவை.
நான்காவது திருப்பத்துக்கு முன் கேட்டாள்:
"உங்க ஊர்ல வலப்பக்கம்னு ஒண்ணு கிடையாதா?"

காலி மைதானம்.
ஸ்டியரிங்கை வலக்கோடிவரை ஒடித்தார்.
டக்.
டக். டக். டக்டக்டக்.
ஜோலோன் ரேடியோவைக் கூட்டினார்.
உல்கான் கை நீட்டிக் குறைத்தாள்.
விலையும் குறைந்தது.

வலம் திரும்பினால் இடச்சக்கரம்தான் முனகும்.
சுமை அதன்மேல் சாய்கிறது.
நேர்சாலையில் வாய் திறக்காது,
குழந்தை மாதிரி வரும்.

ஷெட்டில் மைனஸ் ஏழு.
வண்டி தரையில் நிற்கும்போதே
நடு நட்டைத் தளர்த்திவிட வேண்டும்;
தூக்கிய பிறகு சக்கரம் கூடவே சுற்றும்.
ஸ்பேனரில் குழாய் மாட்டி
அதன் நுனியில் உல்கான் ஏறி நின்றாள்.
கிறீச்சென்று நட்டு இறங்கியது.
"இனி என் எடையைப் பத்தி
வீட்ல ஒருத்தரும் பேசக்கூடாது."

ரப்பர் உறை மடிப்போரம் கிழிந்திருந்தது.
வீசியெறிந்த கிரீஸ் ரிம்மின் உட்புறம்
கறுப்பாய், வளைவாய்.
விரலிடையில் தேய்த்தேன்:
சலிக்காத மாவு.
சாலையெல்லாம் உள்ளே போயிருக்கிறது.

ஷாஃப்டை நெம்பி இழுத்ததும்
கியர்பாக்ஸ் எண்ணெய் கொட்டியது,
நல்லவேளை பழைய ரொட்டித் தட்டு இருந்தது.
கூண்டைச் சாய்க்கச் சாய்க்க
ஒவ்வொன்றாய் ஆறு குண்டுகள்.
டீக்கிண்ணத்தில் போட்டேன்.
பள்ளம் விழுந்த தடத்தில்
நகம் மாட்டி நின்றது.

எனக்கொரு யோசனை இருந்தது.
வண்டி முன்னே போகையில்
தடத்தின் ஒரு சுவரில்தான் பாரம்.
எதிர்ச்சுவர் சும்மா இருந்தே சம்பளம் வாங்கும்.
இடதை வலதில் மாட்டு, வலதை இடதில்;
சோம்பேறிச் சுவர் வேலைக்கு வரும்,
காசு மிச்சம்.

பெட்ரோல் துணியால் துடைத்தேன்.
எதிர்ச்சுவரிலும் பள்ளம்.
ஜாயிண்டின் வெளித்தோளில்
உளியால் கீறிய ஓர் எழுத்து,
வாசல் நிலை போல இரண்டு கால், மேலே ஒரு கட்டை:
வலம் என்பதற்கு ருஷ்ய முதலெழுத்து.
இடப்பக்கத்திலிருந்து கழற்றியது இது.

யாரோ முன்பே மாற்றியிருக்கிறார்கள்.
இதே யோசனை,
இதே மரத்துப்போன முட்டி,
ஒரு கிண்ணத்தில் இதே ஆறு குண்டுகள்.
ஜோலோனோ, ஜோலோனுக்கு விற்றவரோ.
இரண்டு நாளாய்த் திட்டிக்கொண்டிருந்தேன்.
மிச்சத்தைத் திட்டாமல் வைத்துக்கொண்டேன்.

கண்டெய்னர் கடையில் புதிது இரண்டு.
உல்கான் மூன்று முறை கிளம்புவதுபோல் நடந்து
நாலாயிரத்து அறுநூறு சோமுக்கு முடித்தாள்.
பாக்கெட்டில் வந்த கறுப்பு கிரீஸ் முழுவதும் உள்ளே;
அதில் சிக்கனம் பார்த்தவர்கள்தான்
மறுபடி வந்து கடையில் நிற்கிறார்கள்.
உறை, கவ்வி,
புது நட்டு,
அதன் விளிம்பைப் பள்ளத்துக்குள் ஓர் அடி.

இரவு, பஸ் நிறுத்த மைதானம்.
கண்ணாடியை இறக்கி, காதில் பனி அறைய
வலக்கோடிவரை ஒடித்து வட்டமடித்தேன்.
டயர் பனியை நெரிக்கும் ஒலி மட்டும்.
இடக்கோடி.
ஒன்றுமில்லை.
இன்னொரு வட்டம்.

டக்.

பிரேக்கில் மொத்தக் காலும்.
திரும்பிப் பார்த்தேன்.
பின்சீட்டில் உல்கான்,
உதட்டில் சூரியகாந்தி விதைத் தோல்.
"என்ன நிறுத்திட்டே? ஓட்டு" என்றாள்
அடுத்ததைப் பல்லில் வைத்தபடி.